கண்கட்டி: வீட்டு வைத்தியத்தில் நாம் செய்யும் தவறுகள்

காலையில் முகம் கழுவும்போது இமையோரம் சுருக்கென்று வலிக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒரு முடியின் வேரைச் சுற்றிச் சிவந்து தடித்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அதன் நடுவே மஞ்சளாக ஒரு முனை தெரியும். கண்கட்டி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக உடைந்து ஆறிவிடும். அதற்குள் நாம் பொறுமை இழந்து செய்கிற வேலைகள்தான் அதைப் பெரிதாக்குகின்றன.

முதல் தவறு, பிதுக்குவது. மஞ்சள் முனை தெரிந்ததும் கை சும்மா இருக்காது. ஊசியால் குத்துபவர்களும் உண்டு. சீழ் வெளியே வருவதைவிட உள்ளே தள்ளப்படும் வாய்ப்பே அதிகம். இமைத் தோல் மிக மெல்லியது. கிருமி பக்கத்துச் சதையில் பரவினால் இமை முழுக்க வீங்கிக் கண்ணையே திறக்க முடியாமல் போகும். அந்த முடியைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து நீங்களே பிடுங்கவும் வேண்டாம்.

அடுத்தது பற்று. உடம்பில் எங்கே கட்டி வந்தாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பைக் கொண்டுபோகவே கூடாது. அது அமிலம்போல அரிக்கும் காரப்பொருள். கண்ணுக்குள் பட்டால் கருவிழியை அரித்துப் பார்வையையே பறித்துவிடும். தவறிப் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நாமக்கட்டியை இழைத்துப் பூசுவது அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்து உறுத்தும். அப்புறம் கண்ணைக் கசக்குவோம், கட்டி இன்னும் கெடும். தாய்ப்பால், தேன், எலுமிச்சைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம்.

உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி இமையில் ஒத்துவோம், இல்லையா? சூடு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் அந்தச் சூடு சில நொடிகூட நிற்காது, கழுவாத விரலோ புதுக் கிருமியையும் கொண்டுவரும். இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாய் அடைத்து, நம் தோலிலேயே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா அங்கே பெருகுவதுதான் கண்கட்டி. உறைந்த எண்ணெய் இளகி அடைப்பு திறக்க, சூடு நின்று இறங்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். அங்கே சுடாமல் இதமாக இருந்தால், மூடிய கண்மேல் வைக்கலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் துணி ஆறிவிடும். மறுபடி நனைக்க வேண்டும். இப்படி 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஒரே தடவை ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சீக்கிரம் குணமாகட்டும் என்று கொதிக்கக் கொதிக்க வைத்து இமையைச் சுட்டுக்கொள்ளவும் கூடாது.

மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவது இன்னொன்று. அதிலோ, வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலிலோ வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம். அது சிவப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு, உள்ளே தொற்றை வளர்க்கும். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் ஏறும்.

உடம்புச் சூட்டினால்தான் கட்டி வருகிறது என்று எண்ணெய்க் குளியலோடு நின்றுவிடுகிறோம். இமையோரச் செதில், தலைப் பொடுகு, அழுக்குக் கை, கலைக்காமல் தூங்கிய கண் மை ஆகியவற்றைக் கவனித்தால் திரும்ப வருவது குறையும். மை, மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். கட்டி இருக்கும்போது போட்டதைத் தூக்கிப் போடுங்கள். கட்டி ஆறும்வரை கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் நோயில்லை இது, குழந்தையைத் தனியே உட்கார வைக்க வேண்டியதில்லை. துண்டு, தலையணை உறையை மட்டும் தனியாக வைத்தால் போதும்.

ஒத்தடம் கொடுத்தும் இரண்டு மூன்று நாளில் வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு கன்னத்துக்கு இறங்கினால், காய்ச்சல் வந்தால், பார்வை மங்கினால், கண்ணை அசைக்கும்போது வலித்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி கட்டி வருகிறவர்கள் ரத்தச் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும். வலி போய் உருண்டை மட்டும் மாதக்கணக்கில் நின்றால் அது கலேசியனாக, அதாவது அடைத்த எண்ணெய்ச் சுரப்பி வீங்கி நின்றுவிட்ட உருண்டையாக இருக்கலாம். மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து அங்கே இமை முடியும் உதிர்ந்தால் ஒத்தடத்தில் நாள் கடத்தாதீர்கள். அரிதாக அது இமைச் சுரப்பிப் புற்றுநோயாக இருக்கும். சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.