காட்டுப் புற்களை இனங்காண: கணுவிலிருந்து சிறுகதிர் வரை

புல்லுக்கும் பூ உண்டு. மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்வதால் வண்ண இதழ்கள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். உலகில் ஏறத்தாழ 12,000 புல்லினங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பல ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவுகோல், ஊசி, கூர்நுனி இடுக்கி நான்கும் கையில் இருக்கட்டும். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, புல்லை அதன் அருகே கொண்டுவாருங்கள். லென்ஸைப் புல்லின் மேல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியாது.

முதலில், அது புல்தானா என்று பாருங்கள். கோரையைப் புல் என்று எண்ணுவது மிகச் சாதாரணம். தண்டை விரலிடையில் உருட்டுங்கள். மூன்று விளிம்புகள் தட்டுப்பட்டால் பெரும்பாலும் அது கோரை. கோரையில் இலைகள் மூன்று வரிசையாக அமையும். இலையுறை, அதாவது தண்டைச் சுற்றி நிற்கும் இலையின் அடிப்பகுதி, குழாய்போல் மூடியிருக்கும். புல்லின் தண்டு உருண்டையாகவோ சற்றுத் தட்டையாகவோ இருக்கும், கணுக்கள் புடைத்துத் தெரியும், இலைகள் எதிரெதிராக இரண்டே வரிசையில் நிற்கும். இலையுறையும் பெரும்பாலான புற்களில் ஒரு பக்கம் திறந்தே இருக்கும்.

அடுத்தது லிக்யூல். இலை, உறையைவிட்டு விரியும் இடத்தில் உள்பக்கமாக நிற்கும் சிறு நாக்குதான் அது. இலையை மெதுவாகப் பின்னுக்கு வளைத்தால் தெரியும். மெல்லிய சவ்வா, மயிர் வரிசையா, அல்லது எதுவுமே இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். பூக்காத புல்லை அடையாளம் காண இதைவிட நல்ல உறுப்பு இல்லை. நெல்வயலில் நாற்றோடு நாற்றாக நிற்கும் எக்கினோகுளோவா களையைப் பிரிப்பதும் இதை வைத்துத்தான்: நெல்லுக்கு நீண்ட சவ்வு லிக்யூல் உண்டு, அந்தக் களைக்குப் பெரும்பாலும் இல்லை. முதிர்ந்த அடியிலைகளில் லிக்யூல் கிழிந்திருக்கும். நடுத்தண்டின் இலையைப் பாருங்கள்.

பிறகு கதிர். விரல்கள்போல் ஓரிடத்திலிருந்து கிளைக்கும் கதிருள்ள புற்களில் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. எளிதில் கிடைக்கும், ஒன்றுக்கொன்று குழப்பும், ஆனால் லென்ஸில் தெளிவாகப் பிரியும். அருகம்புல்லின் விரல்கள் மெலிந்தவை. கதிரில் வரிசையாக ஒட்டியிருக்கும் சிறு பூத்தொகுதிதான் சிறுகதிர்; இதில் ஒவ்வொரு சிறுகதிரிலும் ஒரே ஒரு வளமான பூ இருக்கும். லிக்யூல் மயிர் வரிசை. டிஜிட்டேரியாவும் அதே சாயல்தான். ஆனால் அதன் லிக்யூல் சவ்வு, சிறுகதிர்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். விரல் நுனியில் சிறுகதிர் இல்லாமல் அச்சு மட்டும் முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால் டாக்டைலாக்டீனியம். கேழ்வரகின் நெருங்கிய உறவான எலூசின் இண்டிகாவில் அந்த முள் இருக்காது. விரல் நுனிவரை சிறுகதிர்கள் அடர்ந்திருக்கும், தண்டின் அடி தட்டையாக வெளிறிக் கிடக்கும். கதிர் ஊதா படர்ந்து, மீசை முடிகளால் (பூவைப் பொதியும் செதிலிலிருந்து நீளும் இழைகள்) பட்டுப்போல் மின்னினால் குளோரிஸ் பார்பேட்டாவாக இருக்கக்கூடும்.

இனி சிறுகதிரைப் பிரிக்கலாம். வெளிர் நிறப் புல்லுக்குக் கறுப்புத் தாளும் கருமையான புல்லுக்கு வெள்ளைத் தாளும் விரியுங்கள். சிறுகதிரின் அடியில் இரண்டு வெற்று உமிகள் இருக்கும். அவற்றை ஊசியால் விலக்கினால் உள்ளே பூக்கள். ஒவ்வொரு பூவையும் லெம்மா, பேலியா என்ற இரு செதில்கள் பொதிந்திருக்கும். பூக்களை எண்ணுங்கள், லெம்மாவில் மீசை இருந்தால் அதன் நீளத்தை அளவிடுங்கள். முதிர்ந்த கதிரை விரலால் தேய்த்தும் பார்க்க வேண்டும்: சிறுகதிர் முழுதாக உதிர்கிறதா, உமிகள் காம்பிலேயே தங்கிப் பூக்கள் மட்டும் உதிர்கின்றனவா? முழுதாக உதிர்வது தினை, கொழுக்கட்டைப்புல் போன்றவை சேர்ந்த பெரும் பிரிவின் பொது அடையாளம். அருகம்புல்லில் உமிகள் பெரும்பாலும் தங்கிவிடும். இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால் இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

பிழைகள் பெரும்பாலும் உயரத்தையும் நிறத்தையும் நம்புவதால் வருகின்றன. வெட்டப்பட்ட இடத்தில் புல் குட்டையாகவே பூக்கும். நிழலில் ஊதா நிறம் வெளுத்துவிடும். பின்னிக் கிடக்கும் இரண்டு புற்களில் ஒன்றின் இலையையும் மற்றொன்றின் கதிரையும் சேர்த்து ஒரே புல்லாக எழுதிவிடுவதும் நடக்கும். ஆகவே ஒரு தண்டை நுனியிலிருந்து வேர்வரை பின்தொடர்ந்து தனியே எடுங்கள். தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கரும்பொடி கொட்டினால் அது பூஞ்சை நோய். வேறு கதிரை எடுங்கள்.

மாதிரியை வைத்துக்கொள்வதென்றால் அடியோடு தோண்ட வேண்டும். தரைமேல் படரும் ஓடுதண்டா, மண்ணுக்குள் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டா, வெறும் தூரா என்பது வேரோடு எடுத்தால்தான் தெரியும். மண்ணை உதறி, நீளமானதை V அல்லது N வடிவில் மடித்துச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்துங்கள். முதல் நான்கு நாட்கள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும். எடுத்த இடம், தேதி, மண்ணின் ஈரம், காயாத கதிரின் நிறம் ஆகியவற்றை அன்றே எழுதி உடன் வையுங்கள். காய்ந்தபின் நிறம் மிஞ்சாது. முதிர்ந்த கதிரிலிருந்து உதிரும் சிறுகதிர்களை ஒரு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிடுங்கள்.