அந்தக் காவி எங்கிருந்து வந்தது? வீட்டு வேதியியலில் நாம் சறுக்கும் இடங்கள்

வேதியியலில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட வாசலில் ஒருத்தர் காட்டும் வித்தையில் கவிழ்ந்துவிடுவதை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் விற்க வருகிறவர் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டு டம்ளருக்கும் பொதுவாக வைத்து ஸ்விட்சைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் போர் தண்ணீர் காவியும் பச்சையுமாகக் கலங்கி மேலே அழுக்கு நுரை கட்டும், அவர் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "பாருங்கக்கா, இத்தனை நாளா இதைத்தான் புள்ளைங்களுக்குக் குடுத்திருக்கீங்க" என்பார்.

அந்தக் காவி தண்ணீரில் இருந்ததே இல்லை, கம்பியில் இருந்து வந்தது. கம்பிகளில் சில இரும்பு. மின்சாரம் பாயும்போது இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரிகிறது, துருவுக்கு நெருங்கிய சொந்தம் அது. எவ்வளவு மின்சாரம் போகிறதோ அந்த அளவுக்கே உலோகம் கரையும் என்று மைக்கேல் ஃபாரடே 1830களிலேயே அளந்து சொல்லிவிட்டார். ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரையவில்லை, அவ்வளவுதான் ரகசியம். அடுத்த முறை யாராவது வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள், அதுவும் காவியாகும்.

முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. ஒரு மாற்றத்தைப் பார்த்ததும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம், புதிதாக வந்தது எங்கிருந்து வந்தது, காணாமல் போனது எங்கே போனது என்று கேட்பதில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 18ஆம் நூற்றாண்டில் தராசை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத்தான் விடாமல் கேட்டார்.

அதே கேள்வியை நம் தண்ணீரிடம் கேட்போம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான், ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013இல் தொடங்கி வைத்தார்கள். காரணம் பாறை. வெட்டி ஏற்றுமதி செய்கிறோமே கிரானைட், அந்த வகைப் பாறைகளில் ஃபுளூரைடு உள்ள தாதுக்கள் கலந்திருக்கின்றன. ஆழமாக போர் போடப் போட, பாறையோடு வெகுகாலம் ஊறிக் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தால் பல்லில் காவிக்கறை, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும்.

இதில் மக்கள் செய்யும் தவறுகள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. "எங்க தண்ணி உப்பே கரிக்காது, நல்ல தண்ணி" என்பார்கள். இந்த அளவு ஃபுளூரைடுக்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது. இனிக்கிற தண்ணீரில் அதிகமாகவும் உப்புத் தண்ணீரில் குறைவாகவும் இருக்கலாம். டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கும் இதையே சொல்லவேண்டும், அது கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் ஃபுளூரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அப்புறம், கொதிக்க வைப்பது. கொதித்தால் கிருமி சாகும், சரி. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியம் கார்பனேட். ஃபுளூரைடு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. தண்ணீர்தான் ஆவியாகிப் போனது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்த 3 லிட்டரை 2 லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிகிராம் ஆகிவிடும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகத் தெரிவது வேறு ஒன்று. ஒகேனக்கல் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் குடத்தில் மூடி வைத்துவிட்டு, சோற்றுக்கும் களிக்கும் போர் தண்ணீரிலேயே உலை வைக்கிறார்கள். களி அந்தத் தண்ணீரை முழுசாகக் குடித்துக்கொள்கிறது, களியை நாம் சாப்பிடுகிறோம். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஆர்ஓ ஃபுளூரைடைப் பெருமளவு நீக்கும் என்பது உண்மைதான், நான் அதற்கு எதிரி இல்லை, அந்தக் கம்பி வித்தைக்குத்தான் எதிரி.

பல் கறைக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் புலப்பட்டதும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் தொழில் தொடங்கியபோதே காவிப் பற்களைக் கவனித்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வந்த பிறகும் அது ஃபுளூரைடு என்று தெரிய 1931 ஆனது. கண்டுபிடித்தவர் சர்ச்சில் என்ற வேதியியலாளர், அலுமினியக் கம்பெனிக்காரர். நம் பக்கம் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் எலும்பு பாதித்தவர்களைப் பற்றி ஷார்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

ஃபுளூரினையும் ஃபுளூரைடையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மாணவர்களிடம் அதிகம். ஃபுளூரைடு உப்பாகத் தண்ணீரில் கரைந்திருப்பது. ஃபுளூரின் என்ற வாயுவோ தொட்டதையெல்லாம் தாக்கும், அதைப் பிரிக்கப் போய்க் காயப்பட்டவர்கள், இறந்தவர்கள் உண்டு. 1886இல் பிரித்துக் காட்டியவர் ஹென்றி முவசான், அதற்கு 1906இல் நோபல் பரிசு. இந்த முவசானுக்கு நம் ஊரோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது, மாம்பழம். மாங்காயைப் பழுக்க வைக்கிற "கல்"லான கால்சியம் கார்பைடை மின் உலையில் 1892இல் செய்தவர்களில் இவர் ஒருவர், அதே வருஷம் அமெரிக்காவில் தாமஸ் வில்சனும் செய்தார், இருவருக்கும் 30 வருஷம் முன்பே வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தப் பொருளைச் செய்து அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் என்ற வாயு வருவதைக் கண்டிருந்தார். ஆக, "கார்பைடைக் கண்டுபிடித்தவர் யார்" என்ற ஒரு மார்க் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுவதே ஒரு தவறுதான்.

சரி, மாம்பழம். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் காய் இறங்கும் மாதங்களில் "கல்லு வச்ச பழமா?" என்ற கேள்வி கேட்காத வீடு இல்லை. கேட்க வேண்டியதுதான், ஆனால் பாதிப்பேர் கார்பைடையும் எத்திலீனையும் ஒரே மூட்டையில் கட்டி "எல்லாம் கெமிக்கல்" என்றுவிடுகிறார்கள். எத்திலீன் பழமே விடும் வாயு. பழுத்த ஆப்பிள் அதை வெளியிடுகிறது என்று 1934இல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். வைக்கோலில் மூடி வைத்தால் காய் சீக்கிரம் பழுப்பதும் அந்த வாயு உள்ளேயே தங்குவதால்தான். கார்பைட் கல்லில் இருந்து வரும் அசிட்டிலீன் எத்திலீனைப் போல நடிக்கிறது, மேல்தோல் மஞ்சளாகிவிடும், கொட்டைப் பக்கம் புளிப்பு போகாது. ஆபத்து அந்தக் கல்லில் அசுத்தமாகக் கலந்திருக்கும் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள். அதனால்தான் கார்பைடுக்குத் தடை, எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, வைக்க அனுமதி. நிறத்தை மட்டும் பார்த்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் "டபுள் பவர்" என்று நினைப்பதுதான் உயிருக்கே உலை வைக்கும் தவறு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் மூச்சை அடைக்கும். தெரியாமல் கலந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். குளோரினை 1774இல் முதலில் பிடித்தவர் ஸ்வீடனில் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஷீலே. அது ஒரு தனிமம் என்று அவருக்கே தெரியாது, 1810இல் ஹம்ஃப்ரி டேவி சொன்னார். ஷீலேக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம், 43 வயதில் இறந்துவிட்டார். பிள்ளைகள் சமையலறையில் சோதனை செய்யும்போது "சும்மா நக்கிப் பாரு" என்று சொல்கிற மாமாக்கள் இதைக் கவனிக்கவும்.

நக்காமலே செய்ய நல்ல சோதனை ஒன்று உண்டு. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் பார்த்ததுதான். அதில் புளித்தண்ணீர் விடுங்கள், மறுபடி மஞ்சளாகும். பூச்சாறு நிறம் மாறுவதை வைத்து அமிலம், காரம் என்று 1660களில் ராபர்ட் பாயில் பிரித்ததும் இதே வழிதான். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சட்டையில் மஞ்சள் பட்டு, சோப்புப் போட்டதும் அது சிவந்தால் சாயம் ஏறிவிட்டது என்று பதற வேண்டாம், நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும்.