ராமேஸ்வரம் கரையில் முதல் வெப்சைட் வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி?

வெப் டிசைன் கற்று முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வேலை தெரியும் அண்ணே, வேலை கொடுக்கிற ஆள் எங்கே?" மண்டபத்திலிருந்து வேலை பார்க்கும் நான் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்வேன். ஆளைத் தேடுவதற்கு முன் அவருடைய குறையைத் தேடுங்கள். "வெப்சைட் செய்து தரட்டுமா?" என்று கேட்டால் யாருக்கும் தேவைப்படாது. "உங்கள் லாட்ஜுக்கு வருகிறவர்கள் மேப்பைப் பார்த்து அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்" என்று சொன்னால் முதலாளி எழுந்து உட்காருவார்.

படி 1: ஒரு தொழிலை மட்டும் எடுங்கள்

முதல் மூன்று மாதம் ஒரே தொழிலோடு நில்லுங்கள். நம் பக்கத்தில் தொழிலுக்குப் பஞ்சம் இல்லை. ராமேஸ்வரத்தில் லாட்ஜ்களும் டிராவல்ஸ்களும், பாம்பன், மண்டபம் பக்கம் மீன், இறால் ஏற்றுமதி செய்பவர்கள், கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பு போடுபவர்கள், உள்ளே போனால் முண்டு மிளகாய் வியாபாரிகள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை வெளியூருக்கு நேரடியாக விற்க நினைப்பவருக்குப் பொருளைக் காட்டும் இணையப் பக்கம் வேண்டும், அதில் உணவு உரிம எண் தெரிய வேண்டும், ஆர்டர் எடுக்க வழி வேண்டும்.

நான் லாட்ஜில் தொடங்கினேன். புதிதாக வருபவர்களுக்கும் அதையே சொல்வேன். வாசலுக்கு வரும் ஆட்கள் பாதிப் பேர் வடநாட்டுக்காரர்கள், போனைப் பார்த்துத்தான் அறை தேடுகிறார்கள். அதனால் பலன் சீக்கிரம் தெரியும்.

படி 2: இருபது பேர் பட்டியல், இருபது குறை

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ இருபது லாட்ஜின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பயணியாக நினைத்து, மொபைல் டேட்டாவில், சாதாரண போனில் தேடுங்கள். வீட்டு வைஃபையில் பார்த்தால் உண்மை தெரியாது. நான்கைந்து விஷயம் பார்த்தால் போதும். மேப்பில் புள்ளி சரியான வாசலில் விழுகிறதா, போன் நம்பர் எடுக்கிறதா, படங்கள் பழசா, இணையதளம் இருந்தால் எத்தனை விநாடியில் திறக்கிறது, வாட்ஸ்அப் பட்டன் இருக்கிறதா. வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இலவசம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரம் காட்டும் பதிவு) இலவசமாகக் கட்டிய சிறு தளங்களை கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அந்த முகவரிகள் 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் அந்த முகவரியை இன்னும் வைத்திருப்பவரைப் பார்த்தால் அவர் பெயரைப் பட்டியலின் மேலே ஏற்றுங்கள். முகவரி வேலை செய்யவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

படி 3: நேரம் பார்த்துப் போங்கள்

ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டிய நாட்களில் ராமேஸ்வரத்தில் எந்த ரிசப்ஷனிலும் உங்களிடம் பேச ஆள் இருக்காது. வார நாளில், கோயில் நடை சாத்தியிருக்கும் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் போங்கள். மீன் தொழிலில் இருப்பவர்களைப் பார்ப்பதென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், ஆனால் கையில் பணம் இருக்காது. அப்போது பேசி வையுங்கள், அட்வான்ஸைத் தடை முடிந்த பிறகு கேளுங்கள்.

படி 4: பேச வேண்டாம், காட்டுங்கள்

என் முதல் வேலை கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் சின்ன லாட்ஜ், பன்னிரண்டு அறை. முதலாளி மேஜையில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்க போன்ல உங்க லாட்ஜைத் தேடிப் பாருங்க" என்றேன். தேடினார். வழி காட்டச் சொல்லித் தொட்டதும் புள்ளி இரண்டு தெரு தள்ளி, ஒரு பூட்டிய கோடவுன் வாசலில் விழுந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதான் விடிகாலை ரயில்ல வர்றவங்க எங்க இருக்கீங்கன்னு போன் போட்டுக்கிட்டே இருக்காங்களா?" என்றார். அவருடைய கூகுள் கணக்கில் இருந்தே அங்கேயே உட்கார்ந்து திருத்தம் அனுப்பினோம். அதற்கு நான் காசு வாங்கவில்லை. டீ வந்தது, அதோடு இணையதளம் பற்றிய கேள்வியும் வந்தது.

அந்தக் கேள்வி வந்த பிறகு கணக்கைப் பேசுங்கள். புக்கிங் ஆப்புக்கு எவ்வளவு கமிஷன் போகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். 1,500 ரூபாய் அறைக்கு 15 சதவீதம் என்றால் 225 ரூபாய். மாதம் பத்து அறை நேரடியாக வந்தால் 2,250 ரூபாய், வருடத்துக்கு 27,000 ரூபாய் அவரிடமே நிற்கும். அந்தக் கணக்கை அவர் கையாலேயே லெட்ஜர் ஓரத்தில் எழுதவையுங்கள்.

நேரில் போக முடியாதவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: "வணக்கம் சார். மண்டபத்தில் வெப் டிசைன் செய்கிறேன். உங்கள் தளம் போனில் திறக்க 14 விநாடி ஆகிறது, படங்கள் பெரிதாக இருப்பதுதான் காரணம். வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். சரிசெய்ய வேண்டுமென்றால் சொல்லுங்கள்." விநாடிக் கணக்கு நீங்கள் அளந்ததாக இருக்க வேண்டும். ஒரே செய்தியை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள், அது நம் பெயரைக் கெடுத்துவிடும்.

படி 5: விலையும் ஒரு தாளும்

விலையை நாள் கணக்கில் போடுங்கள். எட்டு நாள் வேலை, நாளுக்கு 1,500 ரூபாய் என்றால் 12,000. டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) செலவு தனி. பாதி அட்வான்ஸ் வாங்காமல் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், படம் யார் எடுப்பது என்று ஒரே தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் ரசீது போடும் பழக்கம் முதல் நாளே வரட்டும்.

படம் அனுப்புகிறேன் என்று சொல்லும் முதலாளியை நம்பிக் காத்திருந்தால் மாதம் ஓடிவிடும். நீங்களே காலையில் போய் எடுங்கள். கட்டில் படத்தைவிட பாத்ரூம் படம் முக்கியம். குடும்பத்தோடு வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வெந்நீர் வரும் நேரம், கோயிலுக்கு நடக்கும் தூரம், வண்டி நிறுத்த இடம், இந்த மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஹிந்தியில் ஒரு பக்கம் சேர்த்தால் நல்லது. அதை ஹிந்தி பேசும் ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். டொமைனை முதலாளியின் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய நம்பரில் பதிவு செய்யுங்கள். முன்பு ஒரு கடைக்காரர் என்னிடம் வந்தார். அவருக்குத் தளம் செய்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே எடுத்திருந்தார், பிறகு போனை எடுக்கவே இல்லை. புதுப்பிக்காமல் முகவரி கைவிட்டுப் போய்விட்டது. வேனிலும் பையிலும் அச்சடித்ததெல்லாம் வீண். அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நம் தொழிலை நம்பி ஒருவர் தன் கடைப் பெயரையே கொடுக்கிறார்.

படி 6: அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்

புதுத் தொழில் தொடங்குபவர் முதலில் போவது ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடைக்கு, அடுத்து ஆடிட்டரிடம். இந்த இருவரிடமும் பழகுங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு ஒரு பக்கத் தளம் குறைந்த விலையில் செய்து கொடுங்கள். ஆள் அனுப்பினால் எவ்வளவு பங்கு என்பதை முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடா நாடுகளில் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. ஊரில் இருக்கும் அண்ணனுக்கு நல்ல வேலை செய்து கொடுத்தால் துபாயில் இருக்கும் தம்பிக்கும் நீங்கள்தான் செய்வீர்கள்.

தளம் ஏறி ஒரு மாதம் கழித்து அதே லாட்ஜுக்குத் திரும்பப் போங்கள். நேரடியாக எத்தனை அழைப்பு வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நன்றாக இருந்தால் அப்போதே கேளுங்கள்: "அண்ணே, இந்தத் தெருவில் வேறு யாரிடம் போகலாம்?" என் இரண்டாவது வாடிக்கையாளர் எதிர் வாடையில் இருந்த டிராவல்ஸ். லாட்ஜ் முதலாளியே என்னைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.