நேபாளத்தை வரைபடத்தில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காத்மாண்டுவில் ஆட்சி மாறும்போதெல்லாம் நம் செய்திகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: புதிய பிரதமர் இந்தியாவின் பக்கமா, சீனாவின் பக்கமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் நேபாளம் என்றால் இதையே எழுதிப் பழகியிருக்கிறார்கள். அங்கே வாழும் ஏறத்தாழ மூன்று கோடிப் பேரில் யார் எந்த நிலத்தில் இருக்கிறார்கள், அந்த நிலம் அவர்களுக்கு எவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்தது என்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது. இது எனக்கு நெடுநாளைய வருத்தம். நேபாளத்தின் அண்டை உறவுகளில் வரும் பெரும்பாலான சிக்கல்கள் அதன் உள்நிலத்திலேயே முளைத்தவை. டெல்லியிலோ பெய்ஜிங்கிலோ நின்றுகொண்டு பார்த்தால் அந்த முளை கண்ணில் படாது.

இரண்டு பாறைகளோடு நின்றுவிடுவது

கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா 1768-இல் காத்மாண்டுவைக் கைப்பற்றினார். தன் நாடு இரண்டு பாறைகளுக்கு நடுவே கிடக்கும் கிழங்கு என்று அவர் சொன்னதாக வழங்கும் வாக்கியம், நேபாளம் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடுகிறது. வாரிசுகளுக்கு ஓர் அரசர் விட்டுச்சென்ற எச்சரிக்கை என்ற அளவில் அது சரி. ஆனால் இன்றைய நாட்டின் முழு விளக்கமாக அதை எடுத்துக்கொண்டால் இரண்டு பிழைகள் நேர்கின்றன. இரு அண்டை நாடுகளும் நேபாளத்துக்குச் சம தூரத்தில் இருப்பது போலத் தோன்றிவிடுகிறது. நேபாளம் உள்ளே ஒரே பொருளாலான ஒரே உருண்டை என்றும் தோன்றிவிடுகிறது. இரண்டும் உண்மையல்ல.

மலைநாடு என்று மட்டும் நினைப்பது

நேபாளத்தின் கிழக்கு மேற்கு நீளம் ஏறத்தாழ 885 கி.மீ. வடக்கு தெற்காகச் சராசரி அகலம் 200 கி.மீ. கூட இல்லை. அந்தக் குறுகிய அகலத்துக்குள், கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரத்தில் கிடக்கும் வயல்வெளியில் தொடங்கி 8,848.86 மீட்டர் எவரெஸ்ட் வரை நிலம் எழுந்து நிற்கிறது. சாளக்கிராமத் திவ்யதேசமான முக்திநாத்துக்குப் போய்வந்த தமிழ் வைணவர்கள் இதை நேரிலேயே கண்டிருப்பார்கள். கோரக்பூரில் ரயிலை விட்டு இறங்கி சுனவுலியில் எல்லையைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. பொக்ரா நடுமலை. ஜோம்சோம் போய்ச் சேரும்போது மழை எட்டாத வறண்ட மலைப்பரப்பு. தெற்கிலிருந்து வடக்காக இவற்றைத் தராய், பஹாட், ஹிமால் என்று அங்கே சொல்கிறார்கள்.

பனிமலைப் படங்களைப் பார்த்துப் பழகிய நாம் மறந்துவிடும் கணக்கு ஒன்று உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நேபாளிகளில் 53 சதவீதத்துக்கும் அதிகமானோர் தராய்ச் சமவெளியில் வாழ்கிறார்கள். அது நாட்டின் பரப்பில் கால் பங்குக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு நிலமான ஹிமாலில் இருப்பவர்கள் 6 சதவீதம் மட்டுமே.

ஆனால் அரசு பஹாடில் பிறந்தது, பஹாடிலிருந்தே ஆண்டது. தராயின் அடர்ந்த காடும் அங்கே பரவியிருந்த மலேரியாவும், தெற்கிலிருந்து படை வராமல் தடுக்கும் இயற்கை அரணாக ஆட்சியாளர்களுக்குப் பயன்பட்டன. 1950களில் மலேரியா ஒழிப்பு தொடங்கிய பிறகு காடு திருத்தப்பட்டது. பஹாடிலிருந்து மக்கள் பெருந்திரளாக இறங்கி வந்து குடியேறினார்கள். அங்கே ஏற்கெனவே தாரு பழங்குடியினரும், மைதிலி, போஜ்புரி, அவதி பேசும் மதேசிகளும் இருந்தார்கள். மதேசிகளுக்கு எல்லையின் அந்தப் பக்கம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உறவினர்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. இந்த உறவே காத்மாண்டுவின் கண்ணில் அவர்களை ஐயத்துக்குரியவர்களாக ஆக்கியது. குடியுரிமைச் சான்றிதழுக்காகத் தலைமுறை தலைமுறையாக அலைந்த குடும்பங்கள் தராயில் ஏராளம்.

நிலத்தை எப்படிக் கூறு போடுவது என்பதும் அரசியல்தான். 1972-இல் நாடு வளர்ச்சிப் பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கோடுகள் வடக்கிலிருந்து தெற்காகப் போடப்பட்டன. ஒவ்வொரு பிராந்தியமும் திபெத் எல்லையில் தொடங்கி இந்திய எல்லையில் முடிந்தது. மலையும் சமவெளியும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயம் இருக்கிறது. நெல் விளையும் சமவெளி இல்லாத மலைப்பகுதி தனித்து நிற்பது கடினம். ஆனால் இன்னொரு விளைவும் இருந்தது. சமவெளி மக்கள் எந்தப் பிராந்தியத்திலும் தங்கள் குரலை ஒன்றுசேர்க்க முடியவில்லை. 2007-இல் மதேசி இயக்கம் வெடித்தபோது, தராய் முழுவதும் கிழக்கு மேற்காக ஒரே மாகாணமாக வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததற்கு இதுவே பின்னணி. நெடுக்காகப் போட்ட கோட்டுக்கு எதிராகக் குறுக்காக ஒரு கோடு கேட்டார்கள்.

2015-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் நாட்டை ஏழு மாகாணங்களாக்கியது. தராயின் 20 மாவட்டங்களில் எட்டு மட்டும் ஒன்றாகச் சேர்ந்து இன்றைய மதேஷ் மாகாணமாயின. ஜாபா, மோரங், சுன்சரி கிழக்கு மலை மாகாணத்தோடு போயின. கைலாலி, கஞ்சன்பூர் தூரமேற்கு மாகாணத்தோடு போயின. சித்வன் உள்ளிட்ட மற்றவையும் மலை மாவட்டங்களோடு இணைக்கப்பட்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்திருந்தார்கள். அந்த அதிர்ச்சியில் பெரிய கட்சிகள் ஜூனில் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, எட்டு ஆண்டுகள் இழுத்த அரசியலமைப்பு எழுதும் வேலையைச் சில மாதங்களில் முடித்தன. அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தது தராய்தான் என்பது என் கருத்து. இந்தப் பிரிவினையை எதிர்த்து நடந்த போராட்டங்களில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மக்கள்தொகை மட்டுமே அளவுகோலாக இருந்தால் ஹிமால் மக்களின் குரல் நாடாளுமன்றத்தில் கேட்கவே கேட்காது. அதனால்தான் நேரடித் தேர்தல் நடக்கும் 165 தொகுதிகளில் மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விதி. மனாங் மாவட்டத்தில் 6,000 பேர் கூட இல்லை. அதற்கும் ஓர் உறுப்பினர் உண்டு. காத்மாண்டு மாவட்டத்தில் ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். மேலவையில் 17 லட்சம் மக்கள் உள்ள கர்ணாலி மாகாணத்துக்கும், 61 லட்சம் மக்கள் உள்ள மதேஷ் மாகாணத்துக்கும் எட்டு எட்டு இடங்கள். கர்ணாலிதான் பரப்பில் மிகப் பெரிய மாகாணம். அதில் தராய் நிலம் சிறிதும் இல்லை, இந்திய எல்லையும் இல்லை. சமவெளிக்காரர் இதை அநீதி என்பார். கர்ணாலிக்காரர் இதுவும் போதாது என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஒருவரை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

2015 முற்றுகைக்கு ஒற்றைக் காரணம் தேடுவது

அரசியலமைப்புச் சட்டம் 2015 செப்டம்பர் 20-இல் அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் தெற்கு எல்லையில் லாரிகள் நின்றன. பெட்ரோல், சமையல் எரிவாயு, மருந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தை அப்படியே கடந்தார்கள். 2016 பிப்ரவரி வரை இது நீடித்தது.

இந்தியா நேபாளத்தின் கழுத்தை நெரித்தது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். முற்றுகையே இல்லை, மதேசிகள் பாலத்தில் உட்கார்ந்து மறித்தார்கள் என்று இன்னொரு சாரார். பீகாரின் ரக்சவுலையும் நேபாளத்தின் பீர்கஞ்சையும் இணைக்கும் பாலத்தில் மதேசிகள் மறியல் செய்தது உண்மை. மறியல் இல்லாத எல்லைச் சாவடிகளிலும் வண்டிகள் தேங்கியதும் உண்மை. உள்நாட்டில் ஒதுக்கப்பட்டதாகக் கருதிய மக்கள், நாட்டின் உயிர்நாடியான சாலைகள் கடந்துபோகும் நிலத்திலேயே வாழ்ந்தார்கள். அவர்களுடைய குறையும், புதிய அரசியலமைப்பின் மீது டெல்லிக்கு இருந்த அதிருப்தியும் ஒரே இடத்தில் சந்தித்தன. வெளியுறவையும் உள்நாட்டு ஆட்சியையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தால் இந்த நிகழ்ச்சி விளங்கவே விளங்காது.

வடக்குக் கதவைத் தெற்குக் கதவோடு ஒப்பிடுவது

முற்றுகைக்குப் பிறகு, 2016 மார்ச்சில் சீனாவோடு சரக்குப் போக்குவரத்து உடன்பாடு கையெழுத்தானது. 2019-இல் தியான்ஜின், ஷென்சென் உட்பட நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் உரிமையும் கிடைத்தது. இந்தியாவின் பிடி தளர்ந்தது என்று அப்போது தலைப்புச் செய்திகள் வந்தன. தொலைவைப் பார்த்தால் உண்மை தெரியும். கொல்கத்தாவிலிருந்து பீர்கஞ்ச் சுமார் 700 கி.மீ.; தியான்ஜினோ 3,000 கி.மீ.க்கு அப்பால், இடையில் திபெத்தியப் பீடபூமி. வடக்கின் முக்கிய வழியான தாத்தோபானி 2015 நிலநடுக்கத்தில் மூடப்பட்டு, 2019-இல்தான் மீண்டும் திறந்தது. இன்னொரு வழியான ரசுவாகடியில் 2025 ஜூலை வெள்ளம் நட்புப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது.

அதற்காக அந்த உடன்பாடு பயனற்றது என்று ஒதுக்குவதும் தவறே. இன்னொரு கதவு இருக்கிறது என்ற எண்ணமே பேரம் பேசும் இடத்தில் நேபாளத்துக்குப் பலம். ஆனால் எண்ணெய் தெற்கிலிருந்துதான் வருகிறது. பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்குக் குழாய் போடப்பட்டு 2019-இல் இயங்கத் தொடங்கியது. முற்றுகையால் கசந்த அதே உறவில், நான்கே ஆண்டுகளில், பூமிக்கடியில் இப்படி ஒரு பிணைப்பு. நிலம் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை வைக்கிறது. எந்த விலையைக் கொடுப்பது என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது. புவியியலே தலையெழுத்து என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எல்லையை அசையாத கோடாக எண்ணுவது

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நடந்த போரின் முடிவில், 1816-இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி உடன்படிக்கை, காளி ஆற்றுக்கு மேற்கே நேபாளத்துக்கு உரிமை இல்லை என்றது. ஆறு எங்கே பிறக்கிறது என்று அதில் இல்லை. லிம்பியாதுராவிலிருந்து வரும் நீரோட்டமே காளி என்கிறது நேபாளம். ஆறு அதற்குக் கிழக்கே, காலாபானிப் பகுதியில் தொடங்குகிறது என்கிறது இந்தியா. இடைப்பட்ட நிலத்தில்தான் கைலாச யாத்திரை செல்லும் லிபுலேக் கணவாய் இருக்கிறது. 2020 மே மாதம் இந்தியா அங்கே சாலையைத் திறந்தது. ஜூனில் நேபாளம் தன் அரசியலமைப்பைத் திருத்திப் புதிய வரைபடத்தைச் சேர்த்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் இந்தியாவும் சீனாவும் லிபுலேக் வழி வணிகத்தை மீண்டும் தொடங்க இசைந்தபோதும் நேபாளம் எதிர்ப்புத் தெரிவித்தது. தன்னுடையது என்று தான் சொல்லும் நிலத்தைப் பற்றி இரு பெரிய நாடுகள் தன்னைக் கேட்காமல் பேசுவதுதான் அதற்கு வலிக்கிறது.

தெற்கே சுஸ்தாவில் சிக்கல் வேறு. அங்கே எல்லையாக இருந்த நாராயணி (கண்டகி) ஆறு தடம் மாறிவிட்டது. கிராமம் மறுகரைக்குப் போய்விட்டது.

ஆறுகளை மின்சாரமாக மட்டும் எண்ணிப் பார்ப்பது

நேபாளம் நீர்மின்சாரத்தால் செல்வம் குவிக்கும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அங்குள்ள நிலையங்கள் பெரும்பாலும் ஆற்றோட்டத்தை நம்பியவை. பெரிய தேக்கம் இல்லாதவை. மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சும், குளிர்காலத்தில் இந்தியாவிடம் வாங்க வேண்டும். விற்பதற்கும் சந்தை ஒரு பக்கம்தான். சீன முதலீடோ பங்களிப்போ உள்ள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. அணைக்கு யார் பணம் போடுகிறார்கள் என்பதே அதன் மின்சாரம் விற்குமா என்பதை முடிவு செய்கிறது. நேபாளத்தையும் வங்கதேசத்தையும் பிரிப்பது சிலிகுரியை ஒட்டிய குறுகிய இந்திய நிலத்துண்டுதான். ஆனாலும் வெறும் 40 மெகாவாட் அதைக் கடந்து வங்கதேசம் போக, 2024 அக்டோபரில் மூன்று நாடுகள் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது.

பழைய காயமும் உண்டு. 1954-ஆம் ஆண்டின் கோசி உடன்பாட்டின்படி தடுப்பணை நேபாள மண்ணில் இருக்கிறது; அதை இயக்குவது இந்தியத் தரப்பு. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பீகாரில் பல லட்சம் பேர் வெள்ளத்தில் சிக்கினார்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டன. கோசியிலும் கண்டகியிலும் தங்களுக்குக் கிடைத்தது குறைவு என்ற எண்ணம் நேபாளத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனால்தான் இயற்கை வளங்களைப் பகிரும் முக்கிய உடன்படிக்கைகளுக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று அவர்களுடைய அரசியலமைப்பே சொல்கிறது. முந்தைய அரசியலமைப்பிலும் இதே விதி இருந்தது; 1996-இல் இந்தியாவோடு செய்த மகாகாளி (காளி) ஆற்று உடன்படிக்கை இந்த வாயிலைக் கடந்தது. ஆனால் அதன் மையமான பஞ்சேஸ்வர் அணை இன்னும் எழவில்லை. இரு நாடுகளும் நீரின் பயனை எப்படிக் கணக்கிடுவது என்பதிலேயே இழுபறி தொடர்கிறது.