வெளிநாட்டுக்குப் போக முதல் கேம ஒருக்கா திறந்து வெச்சிட்டுப் போங்க

கட்டார், சவுதி கேம்ப்புக்கு லெப்டொப்போட போறாக்கள், ஸ்டீம் (கம்பியூட்டர் கேம் வாங்கி இறக்கிற எப்) கேம வீட்டு வைஃபைலயே முழுசா டவுன்லோட் பண்ணி, அப்டேட்டும் முடிச்சி, ஒவ்வொரு கேமயும் மெயின் மெனு வரைக்கும் ஒருக்கா திறந்துட்டு, பிறகு ஸ்டீம் மெனுல ‘கோ ஓஃப்லைன்’ குடுங்க. முதல்தரம் திறக்கக்குள்ளதான் தேவையான மற்ற ஃபைல் எல்லாம் இறங்கும், லொகினும் அந்த மெஷின்லயே சேவ் ஆகி இருக்கும், அதால அங்க போய் நெட் இல்லாமலே விளையாடலாம், 60 ஜிபி கேமுக்கு டேட்டா காட் வாங்கி காசக் கரைக்கத் தேவல்ல. வெளிநாட்டு முகாம்ல நிக்கிற ஆமிக்காரருக்கும் இதே நெட் பிரச்சினதான், அவங்களுக்கும் இது சரிவரும். கல்முனை, காத்தான்குடிப் பக்கமிருந்து போற நம்மட புள்ளைகள் வேல முடிஞ்சி ரூமுக்கு வந்தா மனசாற ஒரு மணித்தியாலம் விளையாடட்டும், அது தேவயான விசயம்.

பிளேஸ்டேஷன் 5 எண்டா நெட் இல்லாம விளையாட ‘கொன்சோல் ஷெயாரிங் அன்ட் ஓஃப்லைன் பிளே’ எண்ட செட்டிங் ஓன்ல இருக்கோணும், ஒரு அக்கவுன்டுக்கு ஒரு பிஎஸ்5லதான் அத ஓன் பண்ணலாம். பப்ஜி, வலொரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி ஓன்லைன் கேமுக்கு இது சரிவராது, வேற கொம்பனிட லோஞ்சர் (கேம திறக்கிற தனி எப்) கேக்கிற சில கேமும் நெட் இல்லாட்டி திறக்காது, அதால வீட்டுலயே வைஃபைய நிப்பாட்டிட்டு ஒருக்கா திறந்து பாருங்க.