தீராத நோயில் இருக்கும் பூனையை வழியனுப்புவது எப்படி?

பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கும், முதுகைக் கூனி உட்காரும், உடம்பை நக்குவதை நிறுத்தும். குர்ர்ரென்று சத்தம் வருகிறதே, சுகமாகத்தான் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். வலியிலும் அந்தச் சத்தம் வரும்.

அதனால், இனிக் குணமாகாது என்று மருத்துவர் சொன்ன அன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவரின் அளவுகோல் வசதியானது: வலி (மூச்சுத் திணறலும் இதில்தான்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 35-ஐ ஒட்டி இறங்கினால், ஊசி போட்டு வலியில்லாமல் வழியனுப்ப (கருணைக்கொலை) நாள் குறிக்க மருத்துவரிடம் பேச வேண்டும். பாசத்தில் கை தாராளமாகிவிடும். வீட்டில் இருவர் தனித்தனியே போட்டுப் பாருங்கள். தூங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

அதுவரை: உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும், கொஞ்சமாவது தின்னும். மலம் கழிக்கும் மண் தட்டின் விளிம்பு தாழ்வாக, படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பாராசிட்டமால் மட்டும் துணுக்குகூடக் கூடாது. பூனையின் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது, கொன்றுவிடும்.

நாள் குறித்ததும் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வருவாரா? முதலில் மயக்க ஊசி உண்டா? உடலை யார் எடுத்துப்போவது? கட்டணத்தையும் முன்பே கட்டிவிடுங்கள். முடிந்தபின் கல்லாவில் நிற்பது கொடுமை.

முதல் ஊசி தோலடியிலோ தசையிலோ போடப்படும். பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடத்தில் பூனை ஆழ்ந்து மயங்கும். சிலவற்றுக்கு வாந்தி வரலாம், மடியில் துண்டு விரியுங்கள். பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசிவிடுங்கள். பிறகு பென்டோபார்பிட்டல் என்ற மருந்து ரத்தக் குழாயில் ஏறும், ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். நோயில் ரத்தக் குழாய் சுருங்கிப்போயிருந்தால் சிறுநீரகத்தில் செலுத்துவதும் உண்டு. அது முழு மயக்கத்தில்தான் செய்யப்படும், பயப்பட வேண்டாம்.

பலரை உலுக்குவது அடுத்து நடப்பது. கண் மூடாது. சிறுநீர் கழியும். இதயம் நின்றபின்னும் ஒன்றிரண்டு முறை மூச்சை இழுப்பதுபோல் வாய் அசையும், தசை துடிக்கும். உயிர் திரும்பவில்லை, வலியும் இல்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்து மருத்துவர் உறுதிசெய்யும்வரை கையை எடுக்காதீர்கள்.

சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். அதற்குள் கால்களை மடக்கிச் சுருட்டிப் படுக்கவைத்து, அடியில் உறிஞ்சும் விரிப்பு போடுங்கள். வேறு பூனை இருந்தால் முகர்ந்து பார்க்க விடலாம். புதைப்பதானால் பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக் வேண்டாம். அதில் உடல் எளிதில் மட்காது. கிணறு, நீர்நிலை பக்கத்தில் வேண்டாம். உடலுக்கு மேல் மண் 3 அடியாவது இருக்கட்டும்: மருந்து உடலில் தங்கியிருப்பதால், தோண்டித் தின்னும் நாயும் செத்துப்போகும்.

குழந்தையிடம் 'தூங்குகிறது' என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படும். செத்துப்போய்விட்டது, இனி வராது என்றே சொல்லுங்கள். மிஞ்சிய பூனை வீடெங்கும் தேடிக் கத்தும். ஒரு நாளுக்கு மேல் தின்னாமலிருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி பூனையின் ஈரலைச் சீக்கிரம் பாதிக்கும்.