காசிமேட்டில் துருவையும் களிம்பையும் படமெடுப்பது எப்படி

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கேமராவுடன் போகிறவர்களில் பெரும்பாலோர் மீன் ஏலத்தையும் சூரிய உதயத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தேய்ந்தும் துருப்பிடித்தும் கிடக்கும் பொருள்களைத் தேடுபவர், ஏலக்கூட்டத்தை விட்டு விலகி, படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அந்தக் காலத்தில்தான் படகுகளின் அடிப்பாகம் பாசியும் கொட்டலசும் (ஓடு போல ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) ஒட்டியபடி வெளியே தெரியும். தடை தொடங்கியவுடனேயே போய்விடுவது நல்லது, ஏனென்றால் பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசிவிட்டால் நீங்கள் தேடி வந்தது எதுவும் மிஞ்சாது.

எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது, பொருள் பழையதா என்பதைவிட, அது எதனால் இப்படி ஆனது என்று கேட்டுப் பாருங்கள். மரத்தில் அறைந்த இரும்பு ஆணியிலிருந்து கீழ்நோக்கி வழிந்த செந்நிறக் கறை, கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்த கட்டை, படகைத் தள்ளும் வெண்கல விசிறியில் படர்ந்த பச்சைக் களிம்பு, அதன் அருகே இரும்பைக் காப்பதற்காகவே பொருத்தப்பட்டுத் தானே அரித்துப்போன துத்தநாகக் கட்டி ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தேய்ந்தவை. ஆணியும் கறையும் சேர்ந்து சட்டகத்துக்குள் வந்தால்தான் படம் பேசும். கறையை மட்டும் நெருங்கி எடுத்தால் அது வெறும் நிறத்திட்டு.

சூரியன் கடலிலிருந்து எழுவதால் விடிந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒளி பக்கவாட்டில் தாழ்வாக விழும். உரிந்த பெயிண்டின் விளிம்பும் கயிற்றின் முறுக்கும் அப்போதுதான் நிழலோடு எழுந்து தெரியும். வெயில் ஏறிவிட்டால் படகின் நிழல் விழும் பக்கத்துக்கு மாறிவிடுங்கள்.

வெண்சமநிலையை, அதாவது ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை (ஒயிட் பேலன்ஸ்), தானியங்கியில் விடாதீர்கள். சட்டகம் முழுவதும் துருவாக இருந்தால் கேமரா அந்தச் செம்மையைப் பிழையென்று எண்ணித் திருத்தி, படத்தைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். ஆகவே வெயிலில் பகல் ஒளிக்கும் நிழலில் நிழலுக்கும் அதை நிலைநிறுத்திக்கொள்ளுங்கள். கறுத்த மரத்தை எடுக்கும்போது ஒளியளவை ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைப்பது நல்லது. வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகளுக்கு அதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டியிருக்கும். தட்டையான பலகையை எஃப் 8 என்ற லென்ஸ் துளை அளவில், கேமராவைப் பலகைக்கு இணையாகப் பிடித்து எடுத்தால் ஓரங்களும் கூர்மையாக வரும். போலரைசர் வடிகட்டி ஈரமான பெயிண்டின் பளபளப்பைக் குறைக்கும். பூச்சில்லாத உலோகத்தின் மினுமினுப்பில் அது பெரிதாக எதுவும் செய்யாது. செல்பேசியில் எடுப்பவர்கள் அகலக் கோண லென்ஸை ஒதுக்கிவிட்டு இரண்டு மடங்கு லென்ஸைப் பயன்படுத்தினால் பொருளின் வடிவம் கோணாமல் இருக்கும்.

குப்பைபோல் குவிந்து கிடக்கும் வலை பெரும்பாலும் குப்பையல்ல. செருப்புக் காலோடு அதன்மேல் ஏறுவதோ, படத்துக்கு அழகாக இருக்குமென்று மிதவையையோ நங்கூரத்தையோ நகர்த்தி வைப்பதோ கூடாது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம், “அண்ணே, இதைப் படம் எடுத்துக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், எந்தப் படகில் இன்னும் பழைய மரச்சட்டம் இருக்கிறது என்பதை அவரே காட்டவும் கூடும்.

உப்புக்காற்றில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்க, ஒரே லென்ஸோடு போவதே என் வழக்கம். வீடு திரும்பியதும் கேமராவின் வெளிப்புறத்தை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலிலும், உலர்ந்த துணியால் பிறகும் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், ஆகவே அதை முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட மென்துணியால் எடுங்கள்.